வருவதற்கும் ஒரு தாள்

இலங்கையில் கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொண்ணூற்றேழில் அந்த மாதம் எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. நடப்பது ஒன்றுமே விளங்கவில்லை.

என் மனைவி இருளாயிக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. லயத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். இரத்தினபுரி டாக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். கொழும்பில் இந்த ஆபரேஷனுக்குக் கூட்டம் அதிகம், முறை வரும்வரை இவள் தாங்க மாட்டாள். மதராஸில் உடனே செய்வார்கள், செலவை அரசாங்கத்திடம் கேட்கலாம் என்றார். கஹவத்தையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் லாபிர் நானா என்னோடு சேர்ந்து அலைந்து அந்தப் பண உதவியை வாங்கியும் கொடுத்தார்.

நீங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று எங்களைச் சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கம், என் பெண்டாட்டியின் நெஞ்சைச் சரிபார்க்கக் காசு கொடுக்கிறதா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

லயத்துக்கு ஓடிவந்து, "அடியே, உன்னைய இந்தியாவுக்கு அனுப்புறாங்க!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "கவர்மெண்டா அனுப்புது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வேலை விட்டு வந்தால் அம்மிக்கல்லைக் காணோம். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். அப்புறம் கோழிகள் போயின. அதற்கும் பிறகு, முற்றாத மரவள்ளியை எல்லாம் பிடுங்கி லயம் முழுக்கப் பங்கு வைத்தாள். வாங்கியவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சாகத் தயாராகிறாள் என்றுதான் நினைத்தேன். பயந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

"உன்னைய பொழைக்க வைக்க நாயா அலையிறேன்! அதுக்குள்ள என்னாடி கருமாதி வேலை பாக்குற?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இந்தியா போறவங்க சாமானைக் குடுத்துட்டுத்தானே போவாங்க? ஏங்க, தோட்டத்து வேலைக் கணக்குலருந்து உங்க பேரை வெட்டிட்டாங்களா? மூணு பேருக்கும் சேத்துத்தானே?"

"மூணு பேரா? நீயும், தொணைக்கு நானுந்தான். துஷ்யந்தி வெள்ளையம்மாகிட்ட இருப்பா."

துஷ்யந்தி எங்கள் ஒரே மகள். இருளாயி அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் போகல. செத்தாலும் எம்புள்ள பக்கத்துலயே சாகுறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லயத்தில் 'இந்தியா போறது' என்றால் ஒரே அர்த்தம்தான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் பேர் வந்து, சாமான்களைப் பங்கு வைத்து, தலைமன்னாரில் கப்பல் ஏறுவது. இருளாயியின் அம்மா அப்படித்தான் போனார். என்னைக் கட்டிக்கொண்டதால் இவள் இங்கே நின்றுவிட்டாள். "ஒரு வருசத்துல வந்து பாக்குறேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனவருடைய சாவுச் செய்திதான் கோத்தகிரியிலிருந்து வந்தது. அந்த அம்மிக்கல்லும் அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான்.

"அது வேற, இது வேறடி. இது ஆபரேஷன்" என்று எவ்வளவோ சொன்னேன்.

"எங்கம்மாகிட்டயும் வந்து போகலாம்னுதான் சொன்னாங்க" என்றாள்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அனுப்புவதும் அதே அரசாங்கம், போகிற இடமும் அதே இந்தியா. ஆனால் போகாவிட்டால் இவள் பிழைக்க மாட்டாள்.

டிக்கெட் வந்துவிட்டது என்று லாபிர் நானா சொல்லியனுப்பியதும், அவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். விஷயத்தைக் கேட்ட நானா சிரிக்கவில்லை. டிக்கெட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இங்க பாருங்க தங்கச்சி. இந்தத் தாள் போறதுக்கு. இது வாறதுக்கு. ரெண்டுக்கும் கவர்மெண்ட்தான் சல்லி கட்டியிருக்கு. நீங்க திரும்பி வர வாணாம்னா, இத ஏன் தாறாங்க?"

இருளாயி இரண்டாவது தாளை விரலால் தடவிப் பார்த்தாள். "இத நானே வச்சுக்கலாமா?"

"ஓ, நீங்களே வெச்சிக்கோங்க."

டிக்கெட்டை ஒரு துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, போறேன்" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தோட்டத்து பஸ்ஸில் நான் சந்தோஷத்தில் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும் வெள்ளையம்மாவிடம் அம்மியைக் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். இருளாயி இடுப்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வர்றதுக்குன்னு இப்புடி ஒரு தாளு இருக்குதுன்னா, எங்கம்மாவுக்கு ஏங்க அதக் குடுக்கல?"

எதற்கும் சட்டென்று கோபப்படுகிறவன் நான். பஸ் எங்கள் சந்திக்கு வந்ததும் அவளைக் கைபிடித்து இறக்கினேன். ஆனால் இதற்கு யார் மேல் கோபப்படுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.