கம்பி சொன்னதும் விரல் சொன்னதும்

ஓட்டல் வரவேற்பாளருக்கு இன்று கடைசி வாய்ப்பு. புதிதாக வந்த மேலாளர் தினமும் காலையில் ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, ஸ்கேலும் கையுமாகக் கிருதா பார்க்கிறவர். பாதிக் காதைத் தாண்டக் கூடாது, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். நேற்றும் முந்தாநாளும் எச்சரிக்கை வாங்கியாயிற்று. இன்றும் கோணினால் கோட்டும் டையும் போய், கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு மடிக்க வேண்டியதுதான். பதினோரு வருஷமாக வாசலில் சிரித்த முகத்துக்கு அங்கே என்ன வேலை?

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு நுரை மட்டும்தான் தெரியும். மாட்டினாலோ அதன் கம்பி கிருதாவின் மேலேயே படுத்துக்கொள்ளும். அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தார்: கம்பிக்கு ஒரு விரல் கீழே, இரண்டு பக்கமும் கோடு கிழித்தாற்போல் வழிப்பார். வருஷக்கணக்கில் சரியாகத்தான் வந்தது. மூன்று நாளாகத்தான் இந்தக் கோணல்.

அதே மூன்று நாளாக வீட்டில் பேச்சும் இல்லை. நாற்காலியில் இவர் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மேல் மனைவி உட்கார்ந்துவிட்டாள். இவர் போட்ட சத்தம் எதிர்வீட்டுச் சமையலறை வரை கேட்டது. "கடையில குடுத்துச் சரி பண்ணலாம்" என்றாள் அவள். "எனக்குக் கை இல்லையா?" என்று தானே நிமிர்த்திக்கொண்டார், வீராதிவீரர்.

ஓட்டல் வேன் வரப் பத்து நிமிஷம். இரண்டு ஆள்காட்டி விரலையும் கிருதாக்களின் அடியில் வைத்துப் பார்த்தார். இடது மேலே இருந்தது. வலதை ஏற்றினார். கம்பியை வைத்துப் பார்த்தால் இப்போது வலது மேலே. இடதை ஏற்றினார். விரல் ஒன்று சொன்னது, கம்பி வேறொன்று சொன்னது. இரண்டு கிருதாவும் மாறி மாறி ஏறிக்கொண்டே போயின. இன்னும் இரண்டு இழுப்பு, அப்புறம் இழுக்க ஒன்றுமிருக்காது.

குளியலறைக் கதவு தடதடத்தது. மைத்துனன். "மாமா, உள்ள ஷேவிங்கா, மொட்டையா?"

"டேய், உங்க அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லு."

வெளியே கிசுகிசுப்பு. பிறகு தூதுவன் குரல்: "மூணு நாளா சுவத்தோட பேசினவரு, சுவத்தையே கூப்பிடட்டும்ங்குது மாமா!"

தூரத்தில் வேன் ஹாரன். வரவேற்பாளர் கதவைத் திறந்தார், முகமெல்லாம் நுரையோடு. "ஏய்... கொஞ்சம் வாயேன்."

வந்தாள். ஒரு பார்வைதான். மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

"இடது கம்பி மேல தூக்கிட்டு நிக்குது. அதை வெச்சா அளந்தீங்க? உங்களுக்குத்தான் கை இருக்கே!"

ரேசரை வாங்கி அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். காதோரம் பிளேடு சில்லென்று பட்டது. மூன்று நாள் கோபமும் அந்த நுனியில்தான் இருந்தது.

"பாத்து... வெட்டிடப் போகுது."

"அதுவா வெட்டாது. அசைஞ்சா நான்தான் வெட்டுவேன்."

மூச்சை அடக்கிக்கொண்டார். சரக், சரக். முடிந்தது.

மேலாளர் ஸ்கேலை வைத்தார், எடுத்தார், மறுபக்கம் வைத்தார். "பிரமாதம். யாரு வெட்டினது?"

"நானேதான் சார்."

சாயங்காலம் மனைவி கேட்ட முதல் கேள்வி: "யாரு வெட்டினதுன்னு கேட்டாரா?"

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"