வண்டி வரும் என்றார்கள்

எங்கள் ஊர் ஸ்கார்ஹோமில் உடல்நல, நல்வாழ்வு வாரியம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகரமன்றக் கட்டடத்தில் கூடும். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. கவுன்சிலர்கள், மருத்துவர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள் என்று பதினைந்து பேர் உட்காரும் மேசையில் ஊர்மக்கள் சார்பாக ஒரே ஓர் இடம். அதில் இருந்தவர் நோரீன் பிளாக்கெட். முப்பது வருஷம் மீன் பதனிடும் ஆலையில் நின்று வேலை பார்த்தவர், துறைமுகக் குடியிருப்புக்காரர்.

அவர் வாரியத்தில் சேர்ந்த அன்று பக்கத்து வீட்டு டெரிக் ஹாலம் இருமிக்கொண்டே கிண்டல் செய்தாராம். "நம்ம நோரீனே போர்டுல உக்காந்துட்டா. இனிமே இந்தத் தெருவுல எவனுக்கும் சாவு கிடையாது!" டெரிக் மீன்பிடிப் படகில் காலம் தள்ளியவர். நுரையீரல் பாதி போயிருந்தது.

சென்ற வருஷம் மார்ச் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. துறைமுகக் குடியிருப்பில் நடந்த நுரையீரல் கிளினிக்கை மூடிவிட்டு, ஊரின் மறுகோடியில் கட்டிய புது மையத்துக்கு மாற்றுவது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

"பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குறவங்க அங்க எப்படி வருவாங்க?" என்று நோரீன் கேட்டார்.

"வண்டி ஏற்பாடு பண்றோம், நோரீன். தீர்மானத்துலயே இருக்கு பாருங்க," என்றார் பொதுச் சுகாதார இயக்குநர் டாக்டர் வின்ஸ்லேட்.

நோரீன் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கினார். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினேன்.

வண்டி வரவில்லை. நோரீன் போன் செய்தபோதெல்லாம் நகரமன்றம் ஆஸ்பத்திரியைக் கைகாட்டியது, ஆஸ்பத்திரி நகரமன்றத்தை. டெரிக் இரண்டு தடவை பஸ்ஸில் போனார். மூன்றாம் தடவை நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். "அங்க போய் மூச்சு வாங்கறதை இங்கயே வாங்கிக்கறேன், விடு," என்றார்.

ஜனவரியில் ஒரு காலை, பத்து மணியாகியும் அவர் வீட்டுத் திரை விலகவில்லை. நோரீன் தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனார். டெரிக் நாற்காலியில் இறந்து கிடந்தார். காலில் ஷூ. ஒன்றுக்கு மட்டும்தான் கயிறு கட்டியிருந்தது.

இந்த வருஷம் மார்ச் கூட்டத்தில் டாக்டர் வின்ஸ்லேட் அறிக்கை வாசித்தார். துறைமுகப் பகுதியிலிருந்து கிளினிக்குக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். தேவை குறைந்துவருவதை இது காட்டுகிறது என்றார்.

"செத்தவங்க எப்படி வருவாங்க, டாக்டர்?"

"நோரீன், உங்க வருத்தம் புரியுது..." என்று தொடங்கினார் வாரியத் தலைவி, கவுன்சிலர் க்ரோக்கர்.

"உங்களுக்குப் புரியலைம்மா. பழைய கிளினிக் லிஸ்ட்ல முப்பத்தொரு பேர். வீடு வீடாப் போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். நாலு பேர் இப்ப இல்ல. மூணு பேர் படுத்த படுக்கை. உங்களத் திட்ட வரல நான். அன்னைக்கு நானும்தான் கை தூக்கினேன்."

டாக்டர் வின்ஸ்லேட் அறிக்கையை மூடினார்.

"வண்டிக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்கல. நான் கேட்டிருக்கணும். கேக்கல," என்றார்.

அதை அப்படியே எழுதினேன். அந்த வரியைச் சற்று மென்மையாக்கச் சொல்லி மறுநாள் தலைவி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் மாற்றவில்லை.

மே மாதத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் குடியிருப்பின் சர்ச் கூடத்தில் கிளினிக் நடத்த வாரியம் முடிவு செய்தது. அதைச் சொல்ல நோரீன் மறுபடி வீடு வீடாகப் போனார். அந்த லிஸ்ட்டில் இருந்த ஐவி ஸ்டாதர்ட் கதவைத் திறக்கவில்லை.

"உங்க போர்டுதானே மூடுச்சு? இப்ப எதுக்குடி கதவைத் தட்டறே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது, நடுவே இருமலோடு.

"ஆமா ஐவி. நாங்கதான் மூடினோம்."

நோரீன் மழையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிளினிக் நேரம் எழுதிய தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முதல் வியாழக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஐவி வரவில்லை. ஜூனில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோரீன் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஐவி இன்னும் அவரோடு பேசவில்லை.