கண் திறந்து செய்த ஜெபம்

கோல்ஃப் எல்லாம் ஒரு விளையாட்டா என்று தக்கலையில் அந்த வீட்டில் எல்லோரும் கேலி பேசியது வியாழக்கிழமை வரைதான். ஒருத்தன் பந்தை அடிக்கிறான், பிறகு ஊரே சேர்ந்து பந்தைத் தேடி நடக்கிறது, இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்றார்கள். ஞாயிறு சாயங்காலம் அதே வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வந்த சபையார் பாதிப்பேர் டி.வி.க்கு நேராகவே உட்கார்ந்தார்கள்.

நேசம்மாளின் மகன் ஜெப்சன் துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலைக்குப் போனவன். அங்கே ஆட வரும் ஹாலன் என்கிற வெள்ளைக்காரனுக்கு வழக்கமாக மட்டைப் பை தூக்கும் ‘கேடி’ என்கிற உதவியாள் முட்டு வலியில் படுத்துவிட, அந்தப் பை ஜெப்சன் தோளுக்கு வந்தது. பை தூக்கினால் மட்டும் போதாது. காற்று எப்படி அடிக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று ஆடுகிறவன் காதில் சொல்லவும் வேண்டும். இப்போது இங்கிலாந்துக் கடற்கரையில், வருஷத்துக்கு நாலே நாலு நடக்கும் பெரிய போட்டிகளில் ஒன்றில், ஜெப்சன் டி.வி.யில் தெரிந்தான்.

"ஹாலன் ஜெயிச்சா என்னைக் கூடவே அமெரிக்காவுக்குக் கொண்டு போவான். தோத்தா பழைய ஆளு வந்திருவான், நான் வீட்டுக்கு வந்து ஆட்டோ ஓட்டணும், பாத்துக்க" என்று போனில் சிரித்தான். அதை அவன் மனைவி சஜிதா சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனோடு சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுசாக இருந்ததில்லை. மகள் அபினாவுக்கு அப்பா என்றால் போன். தோற்கட்டும் என்று சஜிதா மனதுக்குள் கேட்டாள். யாரிடமும் சொல்ல முடியாத ஆசை அது.

இதற்கிடையில் மாமியார் ஒரு காரியம் செய்திருந்தாள். சனிக்கிழமை ஹாலன் மற்றவர்களைவிட ஐந்து அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான். முன்னால் நிற்கிறவன் ஜெயித்தவன்தானே என்று நேசம்மாள் ஞாயிறு காலை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, மகனுக்குக் கிடைத்த வெற்றிக்காக என்று வாசிக்கவும் வைத்துவிட்டாள்.

"பெரியம்மே, நாலு நாளும் அடிச்சதைக் கூட்டித்தான் பாப்பான். கொறச்சு அடிச்சவன் ஜெயிப்பான். இன்னும் ஒரு நாளு கெடக்கே" என்றான் தங்கை மகன் அனீஷ்.

"கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கவா முடியும்?" என்றாள் நேசம்மாள். முகம் வெளிறியிருந்தது.

அங்கே புயல் வரும் என்று ஆட்டத்தைக் காலையிலேயே தொடங்கியிருந்தார்கள். கடல் காற்று ஏறியதும் ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. நேராகப் போன பந்து நடுவானில் மனசு மாறிப் புதருக்குள் விழுந்தது. சஜிதா காற்றாலைகள் சுற்றும் ஆரல்வாய்மொழிக்காரி, காற்றை நம்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து அடி முன்னிலை மூன்றானது, மூன்று ஒன்றானது. முன்பே ஆடி முடித்த இன்னொருவன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருந்தான். இனி அவன் ஒன்றும் செய்ய வேண்டாம், ஹாலன் தடுமாறினால் போதும். ஒவ்வொரு பந்து தவறும்போதும் சஜிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது, உடனே கூச்சமும் வந்தது.

கடைசிக் குழி. பந்து மணலில் விழுந்து ஒருவழியாகக் குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரைக்கு வந்தது.

"இது உள்ள விழுந்தா சமம், ரெண்டு பேரும் திரும்ப ஆடணும். விழல்லைன்னா தீர்ந்து" என்றான் அனீஷ்.

"சத்தத்தைக் கொற மக்கா. சங்கிலி ஜெபம் பண்ணணும்" என்றாள் நேசம்மாள்.

"இப்பமா?"

"இப்பந்தான்."

உபதேசியார் யேசுரத்தினம் தொடங்கினார். சங்கிலி ஜெபத்தில் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அனீஷை நம்பாமல் நேசம்மாள் அவன் கண்களைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். இரண்டு மூன்று பேரைத் தாண்டிக் கடைசியாகச் சங்கிலி சஜிதாவிடம் வந்தது.

"ஆண்டவரே" என்றாள். கண் மூடவில்லை. "அவருக்கு ஜெயம் தாரும்" என்று வாய் சொன்னது.

திரையில் ஜெப்சன் குந்தியிருந்து சரிவைப் பார்த்தான். விரலால் ஓர் இடத்தைக் காட்டினான். ஹாலன் தலையாட்டி, மெல்லத் தட்டினான். பந்து உருண்டு குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது.

இனி அவன் வீட்டுக்கு வருவான். சந்தோஷம் சஜிதாவின் தொண்டை வரை ஏறியது.

அப்போது காமிரா ஜெப்சன் பக்கம் திரும்பியது. விரலை நீட்டிய இடத்திலேயே அவன் குந்தியிருந்தான். ஹாலன் அவனைப் பார்க்காமலே கடந்து போனான். ஜெப்சன் பையில் தொங்கிய துண்டை இழுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவன் அழுது சஜிதா ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆமா ஆண்டவரே" என்று பக்கத்தில் நேசம்மாள் விம்மினாள். சங்கிலியை முடிக்க வேண்டியவள் சஜிதா. அவள் ஆமென் சொன்னால் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள்.

அவள் சொல்லவில்லை. "அந்தப் பந்தை உள்ள விழ வையும் ஆண்டவரே" என்று மறுபடி தொடங்கினாள். இவ்வளவு நேரம் வாயால் கேட்டதை இப்போதுதான் மனதாரக் கேட்டாள்.