பதிமூன்றாவது நோயாளி

டாக்டர் கிருபாநிதி பேரில் நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் உண்டு. அதில் இருபத்தெட்டாவதாய் வந்திருப்பது தன்னுடைய கட்டுரை என்பது, 1973-ல் வெளிநாட்டு இதழ் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குத்தான் ஜீவமணிக்குத் தெரிந்தது.

நாசரேத்துக்காரி அவள். தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பிரிவில் அவருக்குக் கீழே வேலை. மாலைக்கண் என்று வந்த பெண்பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, அவர்கள்தான் உண்ண மறுத்தார்கள் என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். பிளாரன்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணை அவளுடைய அம்மா அந்தோணியம்மாள் தூக்காத குறையாகக் கொண்டுவந்தாள். சங்கு குளிக்கப் போன அண்ணன் மேலே வரவில்லை. அன்றைக்கு மீனை ஒதுக்கியவள், பிறகு ஒவ்வொன்றாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாள்.

"அண்ணனத் தின்ன மீனு டாக்டரம்மா. எப்படி இறங்கும்?" என்றாள் பிளாரன்ஸ். அவள் கண்ணின் வெள்ளை வறண்டு, சோப்பு நுரை ஒட்டியதுபோல் திட்டு படிந்திருந்தது.

ஜீவமணி மூன்று வருஷம் தெருத்தெருவாய் நடந்து அப்படிப் பதினோரு பேரைக் கண்டுபிடித்தாள். மருந்து கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள், எழுதினாள். திருத்தித் தாருங்கள் என்று கிருபாநிதியிடம் கொடுத்தாள். அவர் தலைப்பைக்கூடத் திருத்தவில்லை. பேரை மட்டும் மாற்றினார்.

கேட்டதற்குச் சிரித்தார். "கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டிருக்குல்லா. உன் பேரப் போட்டா வெளிநாட்டுக்காரன் படிப்பானாம்மா?"

அவள் இதழை மூடி மேசையில் வைத்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனாள். அன்றைக்குப் பார்த்த கண்ணில் ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவரே வந்தார். "இன்னும் பத்துக் கேஸ் சேர்த்தா பெரிய கட்டுரையா வரும். இந்தத் தடவ உன் பேரும் உண்டு, சத்தியமா."

"தாரேன் சார்."

பத்துக் குறிப்புகள் கொடுத்தாள். ஏழு நிசம். மூன்றை வீட்டில் உட்கார்ந்து நிதானமாய் இட்டுக்கட்டினாள். அதில் ஒருத்தி, கட்டுரையில் பதிமூன்றாவது, ஆதிச்சநல்லூர்ப் பெண். வயது பதினாறு, புளியும் உப்பும் மட்டும் தின்கிறவள். அவர் ஒருநாள் பஸ் ஏறிப் போய் விசாரித்திருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும். அவர் போகமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தன் பேரையும் போடமாட்டார் என்றும் தெரியும். இரண்டும் நடந்தது. 'எல்லோரையும் நானே பரிசோதித்தேன்' என்ற வரியும் சேர்ந்து அச்சாகி வந்தது.

1977-ல் மெட்ராசில் பெரிய பதவிக்கு அவர் பேர் அடிபட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் டாக்டர்கள் கூடிப் பாராட்டினார்கள். பதவிக்கு ஆள் எடுக்கிற குழுவிலிருந்தும் இருவர் வந்திருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் ஜீவமணி எழுந்தாள்.

"சார், பதிமூணாவது நோயாளி இப்ப எப்படி இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கா. போன மாசம்கூட வந்து என்னைப் பார்த்தா."

"அந்தப் பிள்ளைய ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிக்குள்ளதான் சார் தேடணும். அப்படி ஒருத்தி கிடையாது. எழுதினது நான்."

கிருபாநிதி தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "பொய் சொல்லுதா" என்றார். "அப்போ அவ பேரச் சொல்லுங்க" என்றாள். அவர் இதழை எடுத்துப் புரட்டினார்; அதில் வயதும் ஊரும்தான் இருந்தன. ஜீவமணிக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. இந்த முகத்தைப் பார்க்க நாலு வருஷம் காத்திருந்தவள், முழுசாய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பதவி போயிற்று. இதழ் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. பொய் எழுதிக் கொடுத்தவள் என்று அவளையும் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். அந்த முதல் பதினொன்றும் பொய்யாகிப்போகும் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. உண்ணாமல் கண் வறண்டுபோகும் பிள்ளைகள் இந்தக் கரையில் உண்டு என்று சொன்னால் இனி எந்த டாக்டரும் நம்பப்போவதில்லை.

நாசரேத்தில் சின்னதாய் ஒரு கிளினிக் போட்டாள். ஒரு மத்தியானம் அந்தோணியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிளாரன்ஸ் மறுபடி மெலிந்திருந்தாள்.

"பெரியாஸ்பத்திரியில, இது வியாதியே இல்ல, பிள்ளைக்குத் திமிருன்னு சொல்லுதாங்க" என்றாள் தாய். "நீங்கதான எழுதியிருந்தீங்க. அதக் காட்டப்படாதா?"

"அது இனிச் செல்லாது, அக்கா."

"அந்தாளுக்கு நல்லா வேணும்னு ஊரே சொல்லுது."

"வேணும்தான்" என்றாள் ஜீவமணி. அதில் அவளுக்கு இப்போதும் வருத்தமில்லை. பிளாரன்ஸின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். நுரைத்திட்டு திரும்ப வந்திருந்தது. மருந்தை வாயில் விட்டுவிட்டு, அடுப்பில் கஞ்சிக்கு உலை வைக்க எழுந்தாள்.