எடை போடும் நாள்

போட்டி என்று வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் குப்பைக்குக்கூட மரியாதை வந்துவிடும். போன வருடம் வரை காலி பாட்டிலைக் கண்டால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்கள், இந்த வருடம் பாய்ந்து எடுத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினார்கள். பூமியின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விடுதிகளுக்கு இடையே மறுசுழற்சிப் போட்டி. காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் சேர்த்து எந்த விடுதி அதிக எடை காட்டுகிறதோ அதற்கு இரண்டு வாஷிங் மெஷின் பரிசு. கையால் துவைத்துத் துவைத்து விரல் தோல் உரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று வீட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்குப் புரியாது.

போட்டியை நடத்தியது என் அறைத்தோழி. சுற்றுச்சூழல் மன்றத்தின் செயலாளர். நான் துணைச் செயலாளர். அதாவது சுவரொட்டி ஒட்டுவது, தராசு தூக்குவது, அவள் கத்தினால் கேட்டுக்கொள்வது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் கூப்பிட்டது ஜட்ஜம்மா என்றுதான். முதலாண்டில் தன் விடைத்தாளில் ஒரு மதிப்பெண் கூடுதலாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, வரிசையில் நின்று, அதைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவளோடு ஒரே அறையில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் மெத்தைக்கு அடியில் தின்பண்டம் வைத்திருந்தால்கூட எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

போன வருடப் போட்டி சண்டையில் முடிந்திருந்தது. வாராவாரம் எடை போட்டு, யார் முன்னே யார் பின்னே என்று பலகையில் எழுதினோம். மன்றத்தினர் வேண்டப்பட்ட விடுதிக்குத் துப்புக் கொடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, தராசின் முன்னாலேயே அடிதடி. அதனால் இந்த வருடம் ஜட்ஜம்மா புது விதி கொண்டுவந்தாள். கடைசி நாள் ஒரே ஒரு முறைதான் எடை. அதுவரை அவரவர் சேர்த்ததை அவரவர் விடுதியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மன்றத்தைச் சேர்ந்த யாரும் எந்த விடுதிக்குள்ளும் கால் வைக்கக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது, யாராவது சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. நாங்கள் இருந்த இறுதியாண்டுக் குடியிருப்பு போட்டியிலேயே இல்லை.

இந்த விதியை அவள் இவ்வளவு இறுக்கிப் பிடித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அவளுடைய தங்கை இந்த வருடம்தான் முதலாண்டில் சேர்ந்திருந்தாள். கிழக்கு விடுதியில், முதல் மாடியில் அறை. வாலு என்று கூப்பிடுவோம். அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை வாரிவிட்டு, பல் விழுந்தபோது அழுகையை நிறுத்தி, ஆளாக்கியது ஜட்ஜம்மாதான். அவளுக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பெண்ணிடம்தான் இருந்தது. அதை வெளியே காட்டிக்கொண்டால் அநியாயமாகிவிடும் என்று பயந்தாள், அவ்வளவுதான்.

"தங்கச்சி விடுதிக்காகத் தராசைச் சாய்ச்சுட்டான்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது" என்றாள்.

"வந்தா வந்துட்டுப் போகுது. வாஷிங் மெஷினுக்கு இவ்வளவு நியாயம் தேவையா?" என்றேன்.

அவள் முறைத்த முறைப்பில் நான் அடுத்த சுவரொட்டிக்குப் பசை தடவப் போய்விட்டேன்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. நூலகத்தில் பழைய நாளிதழ்கள் மாயமாயின. சிற்றுண்டிக் கூடத்தின் பின்பக்கம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காணவில்லை. பிறகு பழையவை தீர்ந்து புதியவையும் காணாமல் போக ஆரம்பித்தன. அறிவிப்புப் பலகைகளில் குண்டூசிகள் மட்டும் மிஞ்சின. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மேசை மேல் வைத்திருந்த ஆய்வேட்டின் பிரதியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவர் அழாத குறையாக நான்கு விடுதிகளின் வாசலிலும் போய் நின்றார். எங்கும் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

கதவுகள்தான் எனக்கு முதலில் உறுத்தின. பகலில் எப்போதும் திறந்து கிடப்பவை. இப்போது உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல்களில் படுக்கை விரிப்புகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் முறை வைத்துக் காவல் நின்றார்கள். மன்றத்தின் பச்சை மேல்சட்டையைக் கண்டால் விசில் அடிப்பார்கள். உடனே உள்ளே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பேனா கடன் கேட்கிற அதே பெண்கள்தான், விடுதி ஜன்னலில் நிற்கும்போது என்னை யாரோ போலப் பார்த்தார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் வாலு எங்கள் மேசைக்கு வந்தாள். தலையெல்லாம் வெள்ளை.

"என்னடி இது, தலையில மாவைக் கொட்டிக்கிட்டு வந்திருக்க?" என்று ஜட்ஜம்மா தட்டிவிட்டாள்.

"மாவு இல்லக்கா, சுண்ணாம்பு. கூரையிலேர்ந்து உதிருது. தினமும் கட்டிலை உதறிட்டுத்தான் படுக்கறோம்." அவளுக்கு அது ஒரு தமாஷ். "கதவு வேற சண்டித்தனம் பண்ணுது. ரெண்டு பேர் தோளால இடிச்சாதான் மூடுது. திறக்கறதுக்கு மறுபடியும் ரெண்டு பேர். கூட இருக்கறவ இல்லாம நான் வெளியவே வர முடியாது!"

"பராமரிப்பு ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"ஐயோ, சொல்லக் கூடாது. வெளியாள் யாரும் உள்ள வரக் கூடாதுன்னு எங்க லீடர் கண்டிஷன் போட்டிருக்கா. வந்தாங்கன்னா மேல நாங்க..."

ஜட்ஜம்மா சட்டென்று கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"போதும். மேல, கீழ, எதுவும் எங்கிட்ட சொல்லாத. உங்க விடுதி விஷயம் ஒண்ணுகூட என் காதுல விழக் கூடாது."

"அக்கா, இது அந்த விஷயம் இல்ல..."

"எந்த விஷயமா இருந்தாலும் எடை போடற நாளைக்கு அப்புறம் சொல்லு. இப்ப சாப்பிட்டுக் கிளம்பு."

வாலு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். அறைக்கு வந்ததும் கேட்டேன். "அவ என்னமோ சொல்ல வந்தாளே. கேட்டாதான் என்ன குறைஞ்சு போயிடும்?"

"ஒரு தடவை கேட்டா, அப்புறம் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள். அந்தக் குரலில் பிடிவாதத்தைவிட ஏக்கம்தான் அதிகம் இருந்தது. அதற்கு மேல் அவளைக் கிளற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் கிழக்கு விடுதியைச் சுற்றிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். பச்சை மேல்சட்டை போடவில்லை. அது வளாகத்திலேயே பழைய கட்டிடம். மாடிகளுக்கு மர உத்திரமும் பலகைத் தளமும்தான். பக்கத்தில் போகும்போதே ஈரக் காகித நாற்றம் குப்பென்று அடித்தது. வெளிக்குழாயில் மூன்று பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துவைக்கிற துணி எதுவும் பக்கத்தில் இல்லை. வாளிகளை உள்ளே தூக்கிக்கொண்டு படியேறினார்கள். திரும்பி வரும்போது காலி.

நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. கனமான யாரோ பழைய கட்டிலில் மெதுவாகப் புரண்டு படுப்பதுபோல நீளமாக ஒரு முனகல். அப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாடி ஜன்னல் விரிப்பை விலக்கி இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையசைத்தேன். அவர்கள் அசைக்கவில்லை. நான் அந்த மூலையைத் தாண்டும்வரை அவர்களுடைய பார்வை என் முதுகிலேயே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகலில், இரண்டு பெண் பிள்ளைகளைப் பார்த்து என்ன பயம் என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

எடை போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மைதானத்தில் வேலை மும்முரமாக இருந்தது. பெரிய மேடைத் தராசு வந்து இறங்கியிருந்தது. பராமரிப்பு மேற்பார்வையாளர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், அதற்கு மட்டம் பார்த்துச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். ஜட்ஜம்மா நான்கு விடுதிகளுக்கும் தனித்தனியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். ஒரு கோடு கொஞ்சம் நீளம் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. கையெல்லாம் சுண்ணாம்பு என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுத் தராசின் மேல் வைத்தாள்.

"அக்கா, சிரிக்காத. நாங்க ரெண்டு பேரும் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டோம்." வாலுதான். சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "கதவு சுத்தமா திறக்கல. நிலை வளைஞ்சு போய் நிக்குது. கூரையிலேர்ந்து வேற தண்ணி சொட்டுது."

"மேல குளியலறை இல்லையே? எங்கேர்ந்து தண்ணி வருது?"

அந்தப் பக்கம் இரண்டு பேர் கிசுகிசுப்பது கேட்டது.

"வாலு, மேல என்ன இருக்கு?"

"நீதான கேக்க மாட்டேன்னு சொன்ன."

"இப்ப கேக்கறேன். சொல்லு."

"பேப்பர்க்கா. பழைய படிப்பறை பூட்டித்தானே கிடந்துச்சு, அதுலதான் எல்லாத்தையும் போட்டிருக்கோம். ஜன்னல் உயரத்துக்கு வந்திடுச்சு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நனைச்சா எடை கூடும்னு லீடர்தான் சொன்னா. தினமும் தண்ணி ஊத்தறோம். எல்லா விடுதியிலயும் அப்படித்தான் பண்றாங்களாம். எங்கள மட்டும் கழிச்சுடாத, என்ன?"

சார் செங்கல்லோடு நிமிர்ந்தார்.

"அந்த ரூம்லயா?" என்றார். "அங்க இருந்த புத்தக அலமாரியெல்லாம் கீழ இறக்கினதே உத்திரம் தாங்கலைன்னுதாம்மா. பூட்டி வெச்சது அதுக்குத்தான்." செங்கல்லைப் போட்டுவிட்டுக் கடப்பாரை எடுக்கப் பணிமனைப் பக்கம் ஓடினார்.

"ஜன்னல் வழியா வெளிய வா!" என்று ஜட்ஜம்மா கைப்பேசியைப் பார்த்துக் கத்தினாள்.

"கம்பி போட்டிருக்கேக்கா. என்னாச்சு? ஏன் கத்தற?"

அதற்குள் ஜட்ஜம்மா ஓடத் தொடங்கியிருந்தாள். நான் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. செருப்பு ஒரு பக்கம் போனது. பச்சை மேல்சட்டை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சட்டையைக் கழற்றி எறி என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கிழக்கு விடுதியின் மொட்டை மாடியில் காவலுக்கு நின்றவள் எங்களைப் பார்த்துவிட்டாள். விசில் பறந்தது.

"ஜட்ஜம்மா ரெய்டு வர்றாடி! எல்லாரும் மேல வாங்க! படிப்பறைக்கு வாங்க!"

வாசல் கதவு எங்கள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே படிகளில் ஓடும் காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாக மேலே போனது. கீழ்த்தளத்து அறைகளிலிருந்தும் ஓடினார்கள். விடுதியே திரண்டு, தன் குப்பையைக் காப்பாற்ற அந்த அறைக்குப் போனது.

"இறங்குங்க!" என்று ஜட்ஜம்மா கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "நான் எடை பார்க்க வரல! எதையும் கழிக்க மாட்டேன்! தயவுசெஞ்சு இறங்குங்கடி!"

இரண்டாம் மாடி ஜன்னல்களில் விரிப்புகள் விலகின. முகங்கள், முகங்களுக்குப் பின்னால் முகங்கள். அவ்வளவு பேர். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று வருடமாக ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாத பெண் உயிர் போகிற மாதிரிக் கத்துகிறாள், அதை நடிப்பு என்று நினைத்தார்கள்.

"நாளைக்கு வாங்க ஜட்ஜம்மா! ரூல் ரூல்தானே!" என்று அவர்களுடைய லீடர் கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு யாரோ ஆரம்பித்துவைக்க, ஒன்றாகக் காலைத் தரையில் உதைத்துத் தாளம் போட்டார்கள். ரூல் ரூல்தானே, தம். ரூல் ரூல்தானே, தம்.

என் கையிலிருந்த கைப்பேசியிலும் அதே தாளம் கேட்டது. இன்னும் பக்கத்தில், இன்னும் கனமாக.

"மேல ஆடறாங்க போல" என்றாள் வாலு. இப்போது அவள் சிரிக்கவில்லை. "கூரை இறங்கற மாதிரி இருக்கு. நாங்க கதவு மூலையில உக்காந்திருக்கோம். அக்கா எங்க? அக்காவ வரச் சொல்லுங்க. எனக்கு பயமா இருக்கு."

"வந்துட்டா. இதோ, வாசல்லதான் நிக்கறா" என்றேன். அது பொய் இல்லை.

மேலே தாளம் ஒரு அடியின் நடுவில் நின்றது. ஜன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே போயின. அதற்கு அப்புறம்தான் சத்தம் வந்தது. முதல் மாடியில் வாலுவின் ஜன்னல் வழியாக வெள்ளைத் தூசி புகையாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கைப்பேசியில் எதுவும் கேட்கவில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவளுடைய நிஜப் பெயரை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன்.

சார் கடப்பாரையோடு மைதானத்தின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தார். ஜட்ஜம்மா கதவை அடிப்பதை நிறுத்தவே இல்லை. திறங்க, திறங்க என்று கெஞ்சிக்கொண்டே அடித்தாள். தாழ்ப்பாளைத் திறக்கக் கீழே ஒருவரும் இல்லை. அவளைப் பார்த்ததும் எல்லோரும் மேலே போயிருந்தார்கள்.