நாலு புள்ளி ஏழு

ஆவண அறைப் பொறுப்பாளருக்கு அலுவலகத்தில் எல்லாரும் வைத்திருந்த பெயர் பூட்டு. கொடுத்த புத்தகம் திரும்பி வரும்வரை அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. ஆகவே வரைபடக்காரி, நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த நில அளவைக் குறிப்பேட்டைக் காலை பத்தரைக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

வரைபடக்காரி என்பது அவளுக்கு நாத்தனார் வைத்த பெயர். அன்பாக வைத்த பட்டமல்ல. நாத்தனார் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவள். இருபது நாளைக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கென்று ஆசையாக ஒரு பீரோ வாங்கி வந்தாள். வாசலின் அகலத்தைக் கையால் சாண் போட்டுத்தான் அளந்திருந்தாள். பீரோ நிலைப்படியில் போய் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இரண்டு நாள் நின்றது. "அளக்கத் தெரியாதவங்க கடைக்குப் போகக் கூடாது" என்று மாமியார், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்க வரைபடக்காரி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இன்று அந்த நாத்தனார்தான் ஊருக்கு வெளியே புது நூலகத்துக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தாள். அந்த நிலத்தில் பழைய கிணறு ஒன்று உண்டு. பலகை போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளி, ஊரே மறந்துபோன கிணறு. அது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னது வரைபடக்காரி. குறிப்பேட்டில் எல்லைக் கல்லிலிருந்து கிணற்றுக்கு 4.7 செயின் என்று இருந்தது. ஒரு செயின் என்பது அறுபத்தாறு அடி நீள அளவுச் சங்கிலி. அதை மீட்டராக்கித் தொண்ணூற்று நாலரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் விட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் வண்டி நிற்கலாம்.

பூட்டு, ஏடு கிழியாமல் வந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"இந்த ஆளு என்ன மேடம், போன வழியிலேயே திரும்பி வந்திருக்கான். நாலு புள்ளி ஒண்ணுல வேலி, நாலு புள்ளி ஏழுல கிணறு, அப்புறம் நாலு புள்ளி பன்னெண்டுல மரம்ங்கறான். குடிச்சிட்டு அளந்தானோ?"

வரைபடக்காரி சிரித்தாள். அவளும் கவனித்ததுதான். வரிசை தப்பியிருக்கிறதே என்று உச்சுக் கொட்டி, கணினியில் ஏறுவரிசையில் அடுக்கித் திருத்தி வைத்தவளே அவள்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

செயினை இழுத்துக்கொண்டு போகிறவன் நேரே போவானே தவிர, ஏன் திரும்பி வருகிறான்? ஒரு செயினுக்கு நூறு லிங்க், அதாவது நூறு கண்ணி. ஒன்று, ஏழு, பன்னிரண்டு. அவன் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறான். அவன் வைத்தது தசமப் புள்ளியே அல்ல. செயினையும் லிங்க்கையும் பிரிக்க வைத்த வெறும் புள்ளி. நாலு செயின், ஏழு லிங்க். அப்படியென்றால் 4.07.

பூட்டின் மேஜையில் கிடந்த துண்டுச் சீட்டில் பெருக்கினாள். எண்பத்தொன்று புள்ளி எட்டு ஏழு மீட்டர். கயிறு எண்பத்து நாலரையில் தொடங்குகிறது. கிணறு கயிற்றுக்கு வெளியே இருக்கிறது. நாத்தனார் எல்லைக் கல்லின் பக்கத்திலிருந்து தோண்டத் தோண்ட, வண்டியைக் கயிற்றை நோக்கிப் பின்னால் எடுத்துக்கொண்டே வருவாள். பதினைந்து டன் வண்டி.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே. நூலக வேலையை மேற்பார்க்கும் பொறியாளரின் போன் அணைத்துக் கிடந்தது. 'வண்டியை நிறுத்து' என்று செய்தி அனுப்பினாள்; பார்த்ததற்கான அடையாளமே வரவில்லை.

"சார், உங்க ஸ்கூட்டர்ல என்னை அங்க கொண்டுபோய் விடுங்க. உயிர் போற விஷயம்."

பூட்டு எழுந்தார். ஆனால் பூட்டு பூட்டுதானே. அலமாரியைப் பூட்டி, உள்கதவைப் பூட்டி, வெளிக்கதவைப் பூட்டி, மூன்றையும் ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அந்த ஒன்றரை நிமிஷத்தில் அவள் அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரரின் முகத்தில் எப்படி விழிப்பது? மாமியாரிடம் என்னவென்று சொல்வது, புள்ளியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்றா?

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோண்டும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்பக்கத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஐந்து மீட்டர்கூட இல்லை. வரைபடக்காரி பக்கவாட்டில் ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள். கண்ணாடிக்குள் இருந்த நாத்தனார் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சண்டையை வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். வண்டி இன்னும் ஒரு முழம் பின்னால் வந்தது.

இனி ஒரே வழிதான் இருந்தது. எத்தனை வீம்பு இருந்தாலும் எந்த ஓட்டுநரும் ஆள் மேல் வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டார். வரைபடக்காரி வண்டிக்குப் பின்னால் போய், பின்புறம் காட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றாள். தான் எதன் மேல் நிற்கிறோம் என்பது அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். ஐம்பத்தைந்து கிலோதானே, பலகை தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை.

என்ஜின் நின்றது. நாத்தனார் இறங்கி இடுப்பில் கை வைத்தாள்.

"பீரோ பஞ்சாயத்து இன்னும் முடியலையா அண்ணி?"

"கிணறு அங்க இல்லடி. இங்க இருக்கு. நான் தப்பா அளந்துட்டேன்."

பூட்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோண்டுகிற ஆட்கள் நாலு பேரும் கேட்டார்கள். கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"முதல்ல நீங்க அங்கேருந்து இப்படி வாங்க" என்றாள் நாத்தனார். குரல் மாறியிருந்தது. "மெதுவா. காலை அழுத்தி வைக்காதீங்க."

அவள் வந்து சேர்ந்ததும், நாத்தனார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எட்ட நின்றபடியே மண்ணைக் குத்திப் பார்த்தாள். முதல் குத்தில் கெட்டி மண். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது குத்தில் கடப்பாரை அவள் கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நாத்தனார் குந்தி உட்கார்ந்தாள். கடப்பாரை போன ஓட்டையின் விளிம்பிலிருந்து வண்டியின் இரும்புப் பட்டைவரை கையை விரித்து அளந்தாள். முதல் தடவை எண்ணிக்கை தப்பி, திரும்ப முதலிலிருந்து அளந்தாள்.

"நாலு சாண், அண்ணி." தலையைத் தூக்காமலே கேட்டாள். "சரியா இருக்குமா, இல்ல டேப்பு வெச்சுப் பாக்கணுமா?"

வரைபடக்காரி அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்" என்றாள். "சரியாத்தான் இருக்கும்."

மண் ஒட்டிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை அப்புறம்தான் வந்தது.