தண்ணி குடிச்சியா

மேனேஜர் அறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். மனைவி இறந்ததிலிருந்து எங்கே போனாலும் எனக்கு முதலில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள்.

அவள் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். காலையில் பில் என்று மெயிலில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. திறந்தாள். கோப்புக்குள் ஒளிந்திருந்த நிரல் யாரையும் கேட்காமல் ஓடியது. மதியத்துக்குள் அலுவலகத்தின் பொதுக் கோப்புகள் எதையும் திறக்க முடியவில்லை.

கணக்குக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளில் அப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்கு முன்பே தெரியும். கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்ததும் எல்லாக் கணினிகளிலும் போட்டேன், ஒன்றைத் தவிர.

அது என் மனைவியின் கணினி. அவளும் கணக்குப் பிரிவுதான். வேலையில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாள். அதற்காகத் தானே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். அந்த மென்பொருளைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்கும். கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். இல்லைன்னு சொல்ல எனக்கே வழி வைக்கல பாத்தியா, என்று சிரிப்பாள்.

அப்டேட் போட்டால் கோப்புகளுக்குள் எந்த நிரலும் ஓடாது, அவள் எழுதியதும். நல்லது கெட்டது பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அவள் நாற்காலியில் இந்தப் பெண் வந்து உட்கார்ந்த பிறகும் அப்படியே விட்டேன். மற்றவர்கள் வருவதற்குள் போய் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

"எல்லா மிஷின்லயும் அப்டேட் போட்டாச்சுல்ல தம்பி?" என்றார் மேனேஜர்.

"போட்டாச்சு சார்."

அதற்கு மேல் கேட்கவில்லை. என் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் குடைந்து எடுத்திருப்பார். அவள் பக்கம் திரும்பினார். படித்த பெண்தானே, கண்டதையும் திறந்து பார்ப்பாயா என்று ஆரம்பித்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதில் வந்து நின்றார்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த மிஷின்ல டெய்லி ஒரு பெட்டி வரும். தண்ணி குடிச்சியான்னு கேக்கும். ஆபீஸ்ல வச்சதுன்னு நெனச்சேன். நானும் எந்திரிச்சுப் போய் குடிச்சிட்டு வந்துதான் சரின்னு அழுத்துவேன். அதுதான் வைரஸாண்ணா?"

"அதேதான். நமக்கே தண்ணி காட்டிட்டான் பாரு," என்றார் மேனேஜர். "மொதல்ல அத அழிங்க தம்பி."

அழிக்கத்தான் எழுந்தேன். இருவரும் பின்னால் வந்தார்கள். நெட் கேபிளைப் பிடுங்கிப் போட்டிருந்த அந்தக் கணினியில் மென்பொருளைத் திறந்தேன். பெட்டி வந்தது.

"இதான்," என்றாள் அந்தப் பெண்.

"இது வைரஸ் இல்ல சார்." மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "எங்க வீட்ல எழுதினது."

மேனேஜரின் கை என் தோளில் மெதுவாக விழுந்தது. அந்தக் கைக்கு இன்னும் எதுவும் புரிந்திருக்கவில்லை. அது அங்கே இருக்கும்போதே மீதியையும் சொல்ல வேண்டும். திரையில் பெட்டி காத்திருந்தது. மேசை ஓரத்தில் அந்தப் பெண்ணின் தண்ணீர் பாட்டில், பாதி காலியாக, மூடாமல் இருந்தது.